சகலையின் தூக்கம்

என் சகலை உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். விபத்தை விசாரிக்கிற அதிகாரி நீங்கள், அது நடந்த காலையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கும். அந்தக் காலையில் நான் கிடங்குப் பக்கமே போகவில்லை. என் அலுவலகத்தில் ஒரு பல் மருத்துவருக்கு ஓய்வுக்கால முதலீட்டை விளக்கிக்கொண்டிருந்தேன், அவரைக் கேட்டால் சொல்லுவார். ஆனால் தூக்கத்தைப் பற்றிக் கேட்க என்னைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். இரும்புக் குழாய்க் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர், இனிமேல் ஓட்டினவர் என்று சொல்ல வேண்டும். மாமனார் வீட்டு முன்னறையில் கை வைத்த நாற்காலி ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் எல்லோரும் அங்கே கூடுவோம். சாப்பிட்டுவிட்டு வந்து அதில் உட்காருவார். "அப்புறம், அண்ணா..." என்று என்னைப் பார்த்து ஆரம்பிப்பார். பேச்சு அங்கேயே நிற்கும், தலை சாய்ந்திருக்கும். குழந்தைகள் மடியில் ஏறி இறங்குவார்கள். டிவி அலறும். சமையலறையில் மிக்ஸி ஓடும். அவருக்கு ஒன்றும் உறைக்காது. தானாகக் கண் விழித்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "...வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று விட்ட இடத்திலிருந்து கேட்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

எனக்குத் தூக்கம் கிடையாது. சூடான பால் குடித்துப் பார்த்தேன், தலையணையை மாற்றிப் பார்த்தேன், மாத்திரையும் போட்டுப் பார்த்தேன். மாத்திரை என்னைப் படுக்கவைக்கும், தூங்கவைக்காது. தொழில் அப்படி என்று வீட்டில் நம்பவைத்திருக்கிறேன். நான் மியூச்சுவல் ஃபண்ட் ஆலோசகன். ஊரார் பணத்துக்காகக் கவலைப்பட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவன் என்றால் கேட்பவர்களுக்கு ஒரு மரியாதை வரும். பொறாமை என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அந்தச் சொல்லுக்கு நானே வருகிறேன்.

அவருக்குக் கல்யாணமான புதிதில் என்னிடம் வந்தார். சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து எதிலாவது போட வேண்டும், எதில் போடலாம் என்று கேட்டார். என்னிடம் வருகிற யாராக இருந்தாலும் நான் மெனக்கெடுவேன். வயது என்ன, வருமானம் என்ன, வீட்டில் யார் யார், பணம் எப்போது தேவைப்படும், பாதியாகக் குறைந்தால் அலறுவாரா, தாங்குவாரா, எல்லாம் கேட்டுத்தான் ஃபண்ட் தேர்ந்தெடுப்பேன். இவருக்கு அவ்வளவு எதற்கு என்று தோன்றியது. கிரேன் ஓட்டுகிற ஆள்தானே என்று ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் தள்ளிவிட்டேன். சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகளை எல்லாம் அப்படியே கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும் ஃபண்ட் அது. நிர்வாகியின் மூளைக்கு அதில் வேலை இல்லை, செலவு குறைவு, எனக்கும் பெரிதாக ஒன்றும் தேறாது. சம்பளம் விழுந்ததும் மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்து கொடுத்தேன். அவர் கிடங்கை விட்டு வர முடியாது என்றதால் கையெழுத்து வாங்க நானே ஒரு முறை அங்கே போனேன்.

அன்றுதான் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கீழே ஒல்லியாக ஒருவர் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கை காட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் விசிலடித்துக்கொண்டிருப்பதால் அவருக்குக் குருவி என்று பெயர். குருவி கையைத் தூக்கினால் குழாய்க் கட்டு ஏறும், கையைத் தாழ்த்தினால் இறங்கும், விரலை மடக்கினால் நிற்கும். சகலை இறங்கி வந்ததும், அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தலை சுற்றாதா என்று கேட்டேன். "சுத்திப் பாத்தாதானே அண்ணா சுத்தும்? நான் குருவி கையை மட்டும்தான் பாப்பேன்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என் சட்டைப் பையில் செருகிவிட்டு மறுபடி ஏறிப் போனார். அந்த ஃபண்டை அன்றோடு மறந்தும் போனார்.

எனக்காக நான் வைத்திருந்தது வேறு வகை. அதில் என் முழு வித்தையும் இருந்தது. நிர்வாகிகளின் பேட்டிகளை ஒன்று விடாமல் கேட்பேன். எந்தத் துறைக்குக் காற்றடிக்கிறது என்று பார்த்து மருந்திலிருந்து வங்கிக்கும் வங்கியிலிருந்து மென்பொருளுக்கும் மாறுவேன். மாறும்போதெல்லாம் வெளியேறும் கட்டணமும் வரியும் கொஞ்சம் கடிக்கும், அது போகட்டும் என்று விடுவேன். தொழில் தெரிந்தவன் சும்மா இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பல வருடம் கழித்து மாமனார் ஓய்வு பெற்றார். வந்த பணத்தை எதில் வைப்பது என்று முடிவெடுக்க இரண்டு மாப்பிள்ளைகளையும் வரச் சொன்னார். அவரவர் பணம் எப்படி வளர்ந்திருக்கிறது, காட்டுங்கள் என்றார். நான் மடிக்கணினியில் வண்ண வண்ணமாக வரைபடம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சகலைக்குத் தன் கணக்கின் பாஸ்வேர்டே தெரியவில்லை. அவர் மனைவி பழைய மின்னஞ்சலைத் தோண்டி எடுத்துக் கொடுத்தாள். தொகையைப் பார்க்கக் கூடாது, வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்க வேண்டும் என்று மாமனாருக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அப்படியே பார்த்தார். சகலையுடையது என்னுடையதைவிட மேலே இருந்தது. ஏதோ கொஞ்சம் இல்லை, நன்றாகவே மேலே இருந்தது.

"பெரிய மாப்பிள்ளை படிச்சவர், சின்ன மாப்பிள்ளை பிழைக்கத் தெரிஞ்சவர்" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள், அது இன்னும் மோசம். சின்ன மாப்பிள்ளை போட்டதிலேயே தனக்கும் போட்டுக் கொடுக்கும்படி மாமனார் என்னிடமே கேட்டார். போட்டுக் கொடுத்தேன். அந்த ஃபண்டைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. வென்றவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறீர்களா? அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. அஜீரணம் என்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். மறுநாளும் எரிந்தது. அவர் என்னைவிட அதிகம் சம்பாதித்ததற்காக இல்லை, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பணம் வரும் போகும், அதைத்தான் தினமும் ஆட்களுக்குச் சொல்கிறேன். தூங்கிக்கொண்டே சம்பாதித்தார் பாருங்கள், அதுதான். நான் விழித்திருந்த ராத்திரிகள் எல்லாம் வீண், அவர் தூங்கின ராத்திரிகள் எல்லாம் லாபம் என்று கணக்கு சொன்னது. இது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அடுத்த வாரம் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். இவ்வளவு சேர்ந்த பிறகு இதைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது, நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். "எனக்கெல்லாம் இது புரியுமாண்ணா?" என்று கேட்டார். அவருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார்.

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பொய்கூடக் கிடையாது. எந்த நிபுணரை வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சரிபாருங்கள். போன வருடம் அதிக வருமானம் தந்தது என்பதற்காக ஒரு ஃபண்டை வாங்கக் கூடாது என்றேன். எந்த மாதம் நுழைந்திருந்தாலும், எந்த மாதம் வெளியேறியிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று காலத்தை உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். சந்தை ஏறும்போது ஃபண்ட் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, விழும்போது எவ்வளவு குறைவாக விழுகிறது என்பது முக்கியம் என்றேன். இரண்டு ஃபண்டுகளுக்குள்ளே ஒரே கம்பெனிகள் இருந்தால் அது ஒரே சட்டையை இரண்டு தடவை வாங்கின மாதிரி என்றேன், சிரித்தார். நடுவில் ஆடாத பெரிய ஃபண்ட் ஒன்று, அதைச் சுற்றி ஓடியாடும் சின்ன ஃபண்டுகள் சில, இப்படி அடுக்குவதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது என்றேன். எல்லாம் உண்மை. கேட்டதைக் கேட்டபடி பிடித்துக்கொள்கிற மண்டை அவருக்கு. என் பல் மருத்துவரைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்.

பிறகு, ஒரே நாட்டில் மட்டும் பணத்தை வைக்கக் கூடாது என்று சொன்னேன். இதுவும் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். வெளிநாட்டுக் கம்பெனிகளில் போடுகிற ஃபண்டுகளை வாங்கிக் கொடுத்தேன், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இங்கே சந்தை மூடும்போது அங்கே திறக்கும். அங்கே மூடும்போது இன்னொரு இடத்தில் திறக்கும். உலகத்தில் எங்காவது ஒரு சந்தை எப்போதும் முழித்துக்கொண்டிருக்கும். அவருடைய கைபேசியை வாங்கி நானே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தேன். எந்த நாட்டுச் சந்தை கொஞ்சம் அசைந்தாலும் மணி அடிக்கும். நல்ல மணியோசையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஃபண்டின் விலை நாளுக்கு ஒரே முறை, எல்லாக் கணக்கும் முடிந்த பிறகுதான் போடப்படும். பங்குகளை நேராக வாங்கி விற்பவர் நிமிடத்துக்கு நிமிடம் சந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் உண்டு. ஃபண்ட் வைத்திருப்பவர் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ரயிலில் உட்கார்ந்திருப்பவர் ரயிலைத் தள்ளுகிற மாதிரி. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

முதலில் எனக்குத் தெரிந்த மாற்றம் அந்த நாற்காலியில்தான். ஒரு விடுமுறை நாள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "அப்புறம், அண்ணா..." என்று ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். "...அந்த மருந்துக் கம்பெனி ஃபண்டை வித்துடலாமா?" என்று முடித்தார். தலை சாயவில்லை. குழந்தை மடியில் ஏறியபோது, "கொஞ்சம் இரும்மா" என்று இறக்கிவிட்டுப் போனைப் பார்த்தார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிப்போனேன். காலையில் காபி ஆறிப்போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள்.

அதற்கப்புறம் சந்தை விழ ஆரம்பித்தது. நான் விழவைக்கவில்லை, அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை. சில வருடங்களுக்கு ஒரு முறை வருகிற சாதாரண வீழ்ச்சிதான். பழைய சகலையாக இருந்திருந்தால் விழுந்ததும் தெரிந்திருக்காது, எழுந்ததும் தெரிந்திருக்காது. இப்போது போனின் ஒவ்வொரு மணியோசைக்கும் எழுந்து உட்கார்ந்தார். பயந்து விற்றார். ஏறியதும் ஐயோ என்று வாங்கினார். வாங்கியதும் மறுபடி விழுந்தது. பழைய இண்டெக்ஸ் ஃபண்டையும் ஒரு நாள் விற்றுவிட்டு ஓடுகிற ஃபண்டுகளில் போட்டார். நான் ஒருநாளும் விற்கச் சொன்னதில்லை, வாங்கவும் சொன்னதில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டுப் போனில் செய்தி அனுப்புவார். பார்த்துக்கொண்டே இருங்கள் என்று பதில் போடுவேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். நான் காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் அவர் அனுப்பியவை வரிசையாக நிற்கும். எந்தெந்த நேரத்தில் விழித்திருந்தார் என்று அதில் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவேன்.

என் மச்சினி ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தாள். தனியாக வந்தது அதுவே முதல் முறை. கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். தேநீர் வரவழைத்தேன், தொடவில்லை.

"அத்தான், அவர் தூங்கறதே இல்ல. பணம் போனா போகட்டும், எனக்கு அது கவலை இல்ல. அவ்வளவு உயரத்துல உக்காந்து வேலை பாக்கறவர். கீழ ஆளுங்க நிக்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார், நல்லதுதானே என்றேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பார். போனைப் பாக்க வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

சொல்கிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தத் தேநீரை நானே குடித்தேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன், இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே, கையெழுத்து வாங்குவதற்கும் முன்னால், நான் அதைச் சொல்வேன். என் மேசைக்குப் பின்னால் சுவரில்கூட எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், மற்ற நாள் மூடி வையுங்கள். ஃபண்டைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லித் தருகிற அத்தனை வித்தையும் இந்த ஒரு வரியோடு சேர்ந்தால்தான் மருந்து. இது இல்லாவிட்டால் அதே வித்தை ஆளை அரித்துவிடும், எனக்குத் தெரியும், என்னையே அரித்திருக்கிறது. சகலை வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சட்டத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். திங்கட்கிழமை மறுபடி மாட்டினேன். ஆணி தளர்ந்துவிட்டது, வேறு ஆணி அடிக்க வேண்டியிருந்தது.

மச்சினி வந்துபோன பிறகும் அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. அடுத்த ஞாயிறு வந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, பேசும்போதே நாக்கு குழறியது. கிரேன் பற்றியும் நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். உயரத்தில் கூண்டையும் கீழே மஞ்சள் தொப்பியையும் நினைத்தேன். அலமாரியில் சட்டம் இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். மேற்குச் சந்தையைப் பற்றிக் கேட்டார், விளக்கினேன்.

விபத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும், விசாரணையில் அவரே சொல்லிவிட்டார். குழாய்க் கட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தார். கீழே லாரியை ஒதுக்குகிற வரைக்கும் நிறுத்தி வைக்கும்படி குருவி விரலை மடக்கிக் காட்டியிருக்கிறார். அந்தச் சின்ன இடைவெளியில் சகலைக்குக் கண் சொருகிவிட்டது. கை நெம்புகோலின் மேல் சாய்ந்து, கட்டு இறங்கிவிட்டது. குருவி லாரிக்காரரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். விசில் பாதியில் நின்றது என்று லாரிக்காரர் சொன்னதாக உங்கள் குறிப்பிலேயே இருக்கும்.

கம்பெனி வக்கீல் சகலையிடம் வந்து பேசினார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், கம்பி வழுக்கியது என்று சொல்லலாம், காப்பீடு பார்த்துக்கொள்ளும், வேலையும் போகாது என்றார். சகலை விசாரணையில் எழுந்து நின்று ஒரே வாக்கியம் சொன்னார். "நான் தூங்கிட்டேன், என் தப்புதான், குருவி சரியாத்தான் கை காட்டினார்" என்றார். ஏன் தூங்கினீர்கள், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டதற்கு, "அது என் பேராசைங்க" என்றார். போனைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொல்லவில்லை. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன், குடும்பத்தோடு.

வெளியே வந்ததும் மாமனார் எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் கையை அவர் ஒரு தடவைகூட அப்படிப் பிடித்ததில்லை. குருவியின் மனைவி தூரத்தில் நின்றுகொண்டிருந்தவள் மெல்ல நடந்து வந்தாள். அடிப்பாளோ என்று எல்லோரும் பயந்தோம். "அவர் மேல பழி போடாம இருந்தீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். என் மனைவி அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இப்படி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வயிறு மறுபடி எரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனேன். வழக்கு வரும், வேலை போய்விட்டது, சேமித்ததில் பெரும்பகுதி போய்விட்டது, மிச்சத்தைக் குருவியின் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மனிதர் நொறுங்கிப்போயிருப்பார் என்று நினைத்தேன். முன்னறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இளைத்திருந்தார். "வாங்கண்ணா" என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "உள்ளதைச் சொல்லிட்டேன்ல, அதுக்கப்புறம்தான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

பேச்சு பாதியில் நின்றது. தலை சாய்ந்துவிட்டது.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு ஆள் செத்திருக்கிறார், இவருக்குத் தூக்கம் வருகிறது. எனக்கு விபத்து நடந்த நாளிலிருந்து கண் மூடவில்லை. சரி, இப்போது அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். பொறாமைதான். அவர் பணத்தின் மேல் இல்லை, அவர் பெயரின் மேல்கூட இல்லை. அந்தத் திறந்த வாயின் மேல். நான் எடுத்ததெல்லாம் எடுத்த பிறகும் அது அவரிடம் திரும்பி வந்திருந்தது.

தோளைத் தொட்டு எழுப்பினேன். என்ன என்பது போலப் பார்த்தார். மார்க்கெட் ஏறிவிட்டது, அவர் விற்ற ஃபண்டுகள் எல்லாம் பழைய விலையையும் தாண்டிப் போய்விட்டன என்றேன். முதலீட்டாளருக்குத் தகவல் தெரிய வேண்டும் அல்லவா?

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

"மார்க்கெட் எழுந்துக்கும்ணா. குருவி எழுந்துக்க மாட்டாரே."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. அந்த ஈரத்தோடேயே தூங்கிவிட்டார்.

அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் வந்தேன். ஒரு உறவினராக அவர் குணத்தைப் பற்றிச் சொல்ல வரச் சொன்னீர்கள், அவ்வளவுதான். ஆனால் அவர் தன் தப்பு என்று சொன்ன தப்பு அவருடையது இல்லை. அவரைத் தூங்கவிடாமல் செய்தவன் நான். தெரிந்து செய்தேன், வாரா வாரம் உட்கார்ந்து செய்தேன், நிறுத்தச் சொல்லிக் கேட்ட பிறகும் செய்தேன். குருவியைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். நான் தேர்ந்தெடுத்த ஃபண்டின் பெருமையை அவர் எடுத்துக்கொண்டார், பொறுத்தேன். என் தப்பையும் எடுத்துக்கொண்டு, நல்லவர் என்று பெயரும் வாங்கிக்கொண்டு, நிம்மதியாகத் தூங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னால் தூக்கம் வரும் என்கிறார். நானும் சொல்லிவிட்டேன். வரும் என்றுதான் நினைக்கிறேன், மனசு லேசாகத்தான் இருக்கிறது. அந்தப் பொறாமையெல்லாம் இதோடு என்னைவிட்டுப் போய்விட்டது, இனிமேல் யார் மேலும் எனக்கு ஒன்றும் கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? பேனா இருக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், கதவருகில் உங்கள் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், நல்ல தூக்கம். அவர் சேமிப்பையெல்லாம் எதில் போட்டு வைத்திருக்கிறார்?